சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ரிஜெக்ட் ஆனதைத்தான் சாப்பிடுவோம். சொன்னால் சிரிப்பீர்கள். கிறிஸ்துமஸ் ஜெல்லியில் நல்லதெல்லாம் தெருக்காரர்களுக்குப் போய்விடும். கலங்கியது, இறுகாதது, அடி பிடித்தது எல்லாம் எங்களுக்கு. பாட்டில் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தால் அது வீட்டுக்கு என்று அர்த்தம். ஈஸ்டர் வரை அதைத்தான் ரொட்டியில் தடவித் தின்போம். என் வீட்டுக்காரர் தியோடர் வைத்த சட்டம் அது.

அவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குஷாய்குடா எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷன் டிபார்ட்மெண்ட். மற்றவர்கள் செய்து அனுப்புகிற சாமானைக் கையில் எடுத்து, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பாஸ், ரீவொர்க், ரிஜெக்ட் என்று மூன்றில் ஒன்றைச் சொல்வதுதான் உத்தியோகம். மாசக் கடைசியில் பெரிய ஆபீசர் நேரில் வந்து தோளில் கை போட்டு, "கொஞ்சம் கண்ணை மூடிக்கோ தியோடர்" என்று கேட்டாராம். "கண்ணை மூடுறதுக்கு என்னை எதுக்கு சார் சம்பளம் குடுத்து வச்சிருக்கீங்க?" என்று இவர் கேட்டுவிட்டு வந்தார். ஃபேக்டரி பஸ்ஸில் வருகிற அத்தனை பேருக்கும் இந்தக் கதை தெரியும். எனக்குத் தெரியாதது போல ஒவ்வொருவராக வந்து சொல்வார்கள். நானும் தெரியாதது போலக் கேட்டுக்கொள்வேன். பெருமையாக இருக்காதா பின்னே?

வீட்டிலும் அதே உத்தியோகம்தான். கல்யாணமாகி செகந்திராபாத் வந்த புதிதில் நான் வைத்த மீன் குழம்பை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "ரீவொர்க்" என்றார். பாளையங்கோட்டையில் என் அம்மா வீட்டில் என் குழம்புக்குச் சண்டையே நடக்கும். எனக்கு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. "என்ன சொல்லுதிய?" என்று கரண்டியோடு வந்து நின்றேன். "புளி கொஞ்சம் கரைச்சு ஊத்தினா சரியாயிரும்ட்டி சுந்தரி" என்றார் அமைதியாக. ஊற்றினேன். சரியாகத்தான் போனது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இனி ஜெல்லி. கிறிஸ்துமஸ் வந்தால் எல்லாரையும் போல நாங்களும் அக்கம்பக்கம் கேக் கொடுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் தெருவிலோ பாதி வீடு முட்டை தொடாத வீடு. பக்கத்து வீட்டு அபயாம்பாள் மாமி கும்பகோணத்துக்காரி. கேக் தட்டை வாங்கிக்கொண்டு, முகம் கோணாமல், "சந்தோஷம்டி ஜெயா" என்று சொல்லுவாள். என் பெயரில் முன்பாதி மாமிக்கு, பின்பாதி இவருக்கு. கதவைச் சாத்தியதும் கேக் வேலைக்காரி மடிக்குப் போய்விடும். இது தெரிந்த அன்றைக்கு இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "குடுத்தா திங்கிற மாதிரி குடுக்கணும். இல்லன்னா குடுக்கப்படாது" என்றார். அந்த வருஷம்தான் கொய்யாப்பழ ஜெல்லி ஆரம்பித்தது.

மாமி அதையும் லேசில் நம்பவில்லை. "கடைல விக்கற ஜெல்லில எலும்புப் பொடி போடுவாளாமே?" என்று வாசலில் நின்றபடியே கேட்டாள். இவர் கோபிக்கவில்லை. ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து அடுப்படி வாசலில் போட்டு உட்கார வைத்தார். மாமி ஒரு காலைப் பொழுது முழுவதும் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தாள். கொய்யா, தண்ணீர், சீனி, எலுமிச்சம்பழச் சாறு. வேறெதுவும் இல்லை. "நாலு சாமான்தான் மாமி. அஞ்சாவதா ஒண்ணு போட்டா நான் தியோடர் இல்ல" என்றார். அன்றைக்கு மாமி ஒரு ஸ்பூன் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு தெருவில் எந்தச் சைவ வீடும் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

எனக்கு அடுப்படியில் பழம் நறுக்குகிற வேலை மட்டும்தான். வேக வைப்பது, துணியில் ஊற்றித் தொங்கவிடுவது, பாகு பார்ப்பது, பாட்டிலில் ஊற்றுவது எல்லாம் அவர் கை. ஆறிய பிறகு ஒவ்வொரு பாட்டிலையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். அந்தப் பக்கம் இருக்கிற வேப்பமரத்தின் இலை தனித்தனியாகத் தெரிந்தால் பாஸ். தெரியாவிட்டால் சிவப்பு நூல்.

இதில் இன்னொரு வழக்கமும் உண்டு. டிசம்பர் பிறந்ததும் காலி பாட்டிலெல்லாம் திரும்பி வரும். போன வருஷம் ஜெல்லி போன பாட்டிலை ஒவ்வொரு வீட்டிலும் வெந்நீரில் அலம்பி, வெயிலில் காய வைத்து, எங்கள் வராந்தாவில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். கேட்கவும் மாட்டார்கள், கதவைத் தட்டவும் மாட்டார்கள். காலையில் பால் எடுக்கப் போனால் ஹார்லிக்ஸ் பாட்டில் வரிசையாக நிற்கும். இவர் அதைப் பார்த்து மீசையைத் தடவிக்கொள்வார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் அக்டோபரில் இவர் படுத்தார். குடலில் அடைப்பு. அவசர அவசரமாக அறுத்து ஒரு கட்டியை எடுத்தார்கள். குடலை உடனே சேர்த்துத் தைக்க முடியாது என்று வயிற்றில் ஒரு வழி செய்து, வெளியே பை மாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜனவரியில் இன்னொரு ஆபரேஷன், அதில் உள்ளே சேர்த்துத் தைத்துவிட்டால் பை போய்விடும், பழையபடி வேலைக்கே போகலாம் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். "ஆனா உடம்பு தேறணும்மா. அதைவிட, அவருக்கு மனசு வரணும்" என்றார்.

மனசுதான் வரவில்லை. "போதும் சுந்தரி. இன்னொருக்க அறுக்க வேண்டாம்" என்றார். அதற்குமேல் பேச்சில்லை. அந்தப் பையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கழுத்து வரைக்கும் போர்வை. முகம் சுவரைப் பார்த்து. சர்ச் ஐயர் வந்து ஜெபம் பண்ணினார், இவர் சரி என்றார். மகன் ரூஃபஸ் வந்து கெஞ்சினான், சரி என்றார். ஆஸ்பத்திரிக்குத் தேதி வாங்கட்டுமா என்றால் மட்டும் வேண்டாம்.

ஒருநாள் கஞ்சி கொடுத்தேன். பாதி குடித்தார். "எப்படி இருக்கு?" என்றேன். "நல்லா இருக்கு" என்றார். மீதியை நான் வாயில் வைத்தேன். ஒரு கல் உப்பு போடவில்லை. மறந்தே போயிருக்கிறேன். மீன் குழம்புக்கு ரீவொர்க் சொன்ன மனுஷன், உப்பில்லாத கஞ்சியை நல்லா இருக்கு என்று குடித்திருக்கிறார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

டிசம்பர் வந்தது. வராந்தாவில் ஒரு பாட்டிலும் வரவில்லை.

முதல் வாரம் எனக்கு அது உறைக்கவில்லை. இரண்டாவது வாரம் பால் எடுக்கப் போன இடத்தில் காலியான வராந்தாவைப் பார்த்தேன். சுரீர் என்றது. இவர்கள் எல்லாரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்களா? அந்த வீட்டில் இனிமேல் ஒன்றும் கிடையாது என்று? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன்.

எதிர்வீட்டில் பழனிசாமி. இவரோடு ஒரே ஃபேக்டரி, கோயமுத்தூர்ப் பக்கம். அவர் சம்சாரம் கனகவல்லி கதவைத் திறந்தாள்.

"பாட்டில் எங்க?" என்றேன்.

"என்னங்க்கா?"

"ஜெல்லி பாட்டில். போன வருஷம் குடுத்தோம்லா. அது எங்க?"

அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "கழுவி வெச்சிருக்கேனுங்க்கா. அண்ணன் இப்படிப் படுத்துக் கெடக்கறப்ப அதைய எப்படிங்க கொண்டாந்து வெக்கறதுன்னுதான்... கல் நெஞ்சுன்னு நெனைச்சுக்க மாட்டீங்களா?"

"உங்க அண்ணன் படுத்துதான் கெடக்காரு. போய்ச் சேந்துரல. பாட்டில எடுத்துட்டு வா."

அவள் ஓடிப் போய் எடுத்து வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கும் வந்திருக்கும், நான் இடம் கொடுக்கவில்லை. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. தெலுங்குக்காரர்கள் வீட்டில் தெலுங்கில் சண்டை போட்டேன். கடைசியாக மாமி வீடு. மாமி என்னைப் பார்த்ததுமே உள்ளே போய் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தெருவே கேக்கற மாதிரி கத்திண்டு வரியே, பைத்தியமே. யார் பண்ணப் போறா?"

"நான்தான்."

"உனக்குத் தெரியுமோ?"

"ஏன் தெரியாது?" என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. பாட்டிலை எல்லாம் கூடையில் அடுக்கித் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான், பழம் நறுக்குவதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது என்பது உறைத்தது.

மோண்டா மார்க்கெட்டில் அப்துல் ரஹீம் கடையில்தான் இவர் கொய்யா வாங்குவார். நான் தனியாகப் போய் நின்றதும் அந்த ஆளுக்கு முகம் வாடிவிட்டது.

"சாப் கைக்கு நை ஆயே அம்மா?" ஐயா ஏன் வரவில்லை என்று கேட்டான்.

"உடம்பு சரியில்ல பாய். பழம் நான் கொண்டு போறேன். பூரா பக்கா நக்கோ, ஆதா கச்சா ஹோனா."

"ஹவ் அம்மா, மாலும் ஹை", தனக்குத் தெரியும் என்று சிரித்தான். நன்றாகப் பழுத்தது கூடாது, பழுத்ததும் பழுக்காததுமாக இருந்தால்தான் ஜெல்லி தானாக இறுகும். இவர் பொறுக்குவது போலவே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பையில் போட்டான். எடை போட்ட பிறகும் மேலே இரண்டு பழத்தை வைத்து, "சாப் கே வாஸ்தே" என்றான். ஐயாவுக்காம்.

வீட்டில் வந்து நறுக்கினேன், வேக வைத்தேன். வெள்ளைத் துணியில் ஊற்றி, அடுப்படி மேடைக்கு மேலே இருந்த கொக்கியில் முடிந்து தொங்கவிட்டேன். கீழே பாத்திரம். சொட்டு... சொட்டு... பார்த்துக்கொண்டே நின்றேன். நான் என்ன பொறுமைசாலியா? ஒரு பக்கம் இவருக்குக் கஞ்சி வைக்கணும், பை மாற்றணும், துணி துவைக்கணும். மத்தியானம் ஆகியும் பாத்திரத்தில் பாதிகூட நிரம்பவில்லை. துணிக்குள்ளேயோ சாறு கனமாகத் தொங்குகிறது. போய்ப் பிடித்து இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்துவிட்டேன். கொடகொடவென்று வந்தது. இதுக்குப் போய் மனுஷன் ஒருநாள் பூரா காத்துக் கிடந்தாரே என்று சிரித்துக்கொண்டேன்.

ஜெல்லி இறுகத்தான் செய்தது. ருசியும் மோசமில்லை. ஆனால் ஆறிய பிறகு ஜன்னலில் பிடித்தால் வேப்பமரம் இல்லை. இலையும் இல்லை, கிளையும் இல்லை. கழுநீரைப் பிடித்து வைத்த மாதிரி ஒரே கலங்கல்.

ரூஃபஸ் பார்த்தான். அப்பாவின் ஃபேக்டரியிலேயே அப்ரண்டிஸ் ஆகச் சேர்ந்திருந்தான். நான் தமிழில் கேட்டால் அவனுக்குப் பதில் வேறு எதில் வேண்டுமானாலும் வரும். "ச்சோடோ நா மம்மி, விட்டுரு. ஹூ வில் நோட்டீஸ்? வேணும்னா மார்க்கெட்ல ஜெலட்டின் பாக்கெட் கிடைக்கும். சாறு கொஞ்சம், தண்ணி ஜாஸ்தி, அதுல போட்டா க்ளியரா கண்ணாடி மாதிரி நிக்கும்."

"அது எதுல செய்தது தெரியுமால?"

"போன்ஸ்... மே பி."

"எலும்ப அரைச்சு மாமி வாயில போடச் சொல்லுதியா? உங்க அப்பா வாக்குக் குடுத்த அடுப்படியில நின்னுகிட்டு? போல அங்கிட்டு!"

பையன் போய்விட்டான். நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு இவர் கட்டிலுக்குப் போனேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். உண்மையைச் சொன்னால், திட்டு வாங்க ஆசையாகவே போனேன். சுவர்ப் பக்கமிருந்து முகத்தைத் திருப்ப வைத்து, ஜன்னலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன்.

"பாருங்க. எப்படி?"

பார்த்தார். பார்க்கத்தான் செய்தார். "நல்லா இருக்கு. பாஸ்" என்றார். மறுபடி திரும்பிக்கொண்டார்.

அடுப்படிக்கு வந்து, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே போகாதபடி அழுதேன். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால்தான் வேலை ஓடும். சிவப்பு நூல் கண்டை எடுத்து அத்தனை பாட்டில் கழுத்திலும் நானே கட்டினேன். ஒன்றில் மட்டும் கட்டவில்லை. அது ஒரு காரியத்துக்காக.

மறுநாள் மறுபடியும் மார்க்கெட். இந்தத் தடவை துணியைத் தொங்கவிட்டதும் அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். கை பரபரத்தது. வீட்டிலிருந்த போர்வை, திரைச்சீலை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுத் துவைத்தேன். சாயங்காலம் திறந்து பார்த்தால் பாத்திரத்தில் சாறு தெளிவாக நின்றது. கொஞ்சம்தான், ஆனால் தெளிவு. சீனி போட்டு, எலுமிச்சை பிழிந்து, கரண்டியிலிருந்து துளித் துளியாகச் சொட்டாமல் தகடாக விழுகிற பதம் வரை கிளறி, பாட்டிலில் ஊற்றினேன். காலையில் ஜன்னலில் பிடித்தேன். வேப்பிலை ஒவ்வொன்றாகத் தெரிந்தது. யாரும் இல்லாத அடுப்படியில் நின்று என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

ஆனால் அதை அவரிடம் கொண்டுபோகவில்லை. அன்று மாமி இவரைப் பார்க்க வந்தாள். கட்டிலுக்கு எட்ட ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். உள்ளே போய், நூல் கட்டாமல் வைத்திருந்தேனே, அந்தக் கலங்கல் பாட்டிலை எடுத்துவந்து மாமி கையில் கொடுத்தேன்.

"இந்த வருஷத்து ஜெல்லி, மாமி. இவங்களே பாத்து பாஸ் பண்ணினது. இன்னைக்குத் தெரு முழுக்கக் குடுத்துருவேன்."

மாமி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். இத்தனை வருஷம் எங்கள் வீட்டு ஜெல்லி சாப்பிட்டவள். அப்புறம் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, முகம் கோணாமல் சொன்னாள்.

"சந்தோஷம்டி ஜெயா."

அந்த வார்த்தை இவர் காதில் விழுந்தது. எப்படி விழுந்தது என்று எனக்குத் தெரியும். முதுகு அசைந்தது. போர்வை நகர்ந்தது. முகம் சுவரை விட்டுத் திரும்பியது.

"மாமி, அத அங்க வைங்க."

"இருக்கட்டும் தியோடர் சார். பகவான் புண்ணியத்துல உங்களுக்குச் சரியாகட்டும், ஜெல்லிக்கென்ன..."

"அது உங்க வேலைக்காரிக்குப் போற பாட்டில். வைங்கன்னு சொல்லுதேன்."

மாமி திடுக்கிட்டு பாட்டிலைக் கட்டில் மேலேயே வைத்துவிட்டாள். இவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து தானாக எழுந்து உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பாட்டிலை எடுத்து ஜன்னலில் பிடித்தார்.

"துணியப் பிழிஞ்சியா?"

"பிழிஞ்சேன்."

"ஏன் பிழிஞ்ச?"

"அவசரம். பிழிஞ்சேன். அதுக்கு இப்ப என்ன? நீங்கதான பாஸ்னு சொன்னிய!"

"எனக்கு ஒண்ணும் தோணல சுந்தரி, சொன்னேன்" என்றார். குரல் உடைந்தது. மாமி இருப்பதையும் மறந்து, வயிற்றுப் பக்கம் போர்வைமேல் கையை வைத்தார். "நானே இப்படிப் பையும் கையுமா ரிஜெக்ட் ஆகிக் கெடக்கேன். நான் என்னத்தப் பாஸ் பண்ண, என்னத்த ரிஜெக்ட் பண்ண?"

எனக்கு வந்ததே கோபம்!

"ரிஜெக்டா? சரி, ரிஜெக்ட்டுன்னே வச்சுக்கிடுவோம். ரிஜெக்ட் ஆனது நம்ம வீட்ல எங்க போகும்? சட்டம் வச்சது யாரு, நானா? நல்லது போகும் தெருவுக்கு, ரிஜெக்ட் வீட்டுக்குத்தான். வெளிய ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்கும் குடுக்க மாட்டேன், கல்லறைக்கும் குடுக்க மாட்டேன். டாக்டர் ஒங்கள ரிஜெக்ட்னு சொல்லல, ரீவொர்க்னு சொல்லியிருக்காரு. அவரு வேலைய அவரு செய்யட்டும். இன்ஸ்பெக்டரே படுத்துக்கிட்டு ரீவொர்க்குக்கு அனுப்ப மாட்டேன்னு அடம்பிடிச்சா எந்த ஃபேக்டரி ஓடும்?"

மூச்சு வாங்கியது எனக்கு. மாமி தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நன்னாக் கேட்டாள்" என்றாள் பொதுவாக, சுவரிடம் சொல்வது போல.

இவர் கையிலிருந்த பாட்டிலை ஒரு சுற்றுத் திருப்பினார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "இது ஒண்ணுதான் செய்தியா?"

நான் ஓடிப் போய் இரண்டாவது தடவை செய்ததைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். ஜன்னலில் பிடித்தார். வேப்பமரத்தைப் பார்த்தார். அவர் புருவம் உயர்ந்ததை நான் பார்த்தேன், மாமியும் பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஆனால் அவர் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை.

"டார்ச்ச எடு."

எடுத்துக் கொடுத்தேன். அடியிலிருந்து அடித்துப் பார்த்தார். திருப்பினார். இன்னொரு தடவை அடித்தார்.

"இந்தா பாரு. உள்ள காத்துக் குமிழி. ஒசரத்துலேர்ந்து ஊத்தியிருக்க. பாட்டில சாய்ச்சு, ஓரத்தோட விடணும்னு எத்தன வருஷமாப் பாத்திருக்க?" பாட்டிலை என்னிடம் நீட்டினார். "தெளிவு நல்லாருக்கு. என்னுத விட நல்லாருக்குன்னே சொல்லுதேன். ஆனா ரிஜெக்ட்."

உங்களுக்குச் சொன்னால் புரியுமோ என்னவோ. இரண்டு நாள் உயிரைக் கொடுத்துச் செய்ததை அந்த மனுஷன் ரிஜெக்ட் பண்ணுகிறார், எனக்கோ கட்டிப் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. மாமி எதிரில் அது நடக்கிற காரியமா? அடுப்படிக்குள் போய்ச் சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். என் புருஷன் திரும்பி வந்துவிட்டார். கடுகு அளவு குமிழியைக்கூட விட மாட்டேன் என்கிறார்.

வெளியே மாமி கேட்பது காதில் விழுந்தது. "ஏன் தியோடர் சார், ஒரு குமிழிக்குப் போயா?"

"மாமி, வருஷத்துக்கு ஒரு தடவ எங்க வீட்லேர்ந்து உங்க வீட்டுக்கு வருது. சரியா வரணும்."

மூன்றாவது தடவை செய்தபோது அவரே அடுப்படிக்கு வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, பையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக. மாமி ஒரு காலத்தில் உட்கார்ந்து பார்த்த அதே நாற்காலியை அதே இடத்தில் போட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே அதிகாரம். தீயைக் குறை. நுரையை எடு. பாட்டிலைச் சாய். இன்னும் சாய்ட்டி. "வாய மூடிட்டு இருக்கியளா, இல்ல கரண்டிய உங்க கையில தரவா?" என்று நானும் விடவில்லை. நடுவில் பசிக்கிறது என்றார். கஞ்சி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்புக் கம்மி" என்றார். நான் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். வெள்ளைப் பட்டுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து. ஒவ்வொரு வீட்டிலும், "தியோடர் பாஸ் பண்ணினது. நான் செய்தது" என்று சொல்லித்தான் கொடுத்தேன். சும்மா கொடுக்கவில்லை. கனகவல்லி பாட்டிலை வாங்கி வெயிலில் காட்டி, "அய்யோ, எப்படிங்க்கா இப்படி மின்னுது!" என்றாள். மாமி "சந்தோஷம்" என்று சொல்லவே இல்லை. அங்கேயே மூடியைத் திறந்து, ஸ்பூன்கூடத் தேடாமல் விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நாலு சாமான்தானேடி?" என்றாள்.

"நாலுதான் மாமி."

"அஞ்சாவதா உன் வாய் இருக்கு. அதுவும் வேணும்" என்றாள்.

வீட்டுக்கு வந்தால், இவர் கட்டிலில் உட்கார்ந்து அன்றைய பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார். "ஜனவரில எந்தத் தேதின்னு டாக்டர்ட்ட கேட்டுட்டு வரச் சொல்லு ரூஃபஸ."

ஜனவரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் அன்று காலை, பச்சை கவுன் மாட்டி, தள்ளு கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். மலையாளத்து நர்ஸ் ஒருத்தி வந்து மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி என் கையில் கொடுத்தாள். இடது மணிக்கட்டைத் தூக்கியவள் நின்றுவிட்டாள். அங்கே சிவப்பு நூல் ஒன்று இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. எனக்கே தெரியாது. வீட்டை விட்டுக் கிளம்புமுன் நூல் கண்டைத் தேடி எடுத்து, ஒற்றைக் கையால், பல்லால் கடித்துக் கட்டியிருக்கிறார்.

"கேஸ் ஷீட்ல கிறிஸ்டியன்னு இருக்கே. இது எந்தக் கோயில் கயிறு?" என்று கேட்டுக்கொண்டே நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அத வெட்டாதீங்க சிஸ்டர்" என்றார். "அது ரிஜெக்ட்டுக்குக் கட்டுற நூல்."

"ரிஜெக்ட்டா?"

"ஆமா. வெளிய யாருக்கும் கெடயாது. வீட்டுக்குத்தான் போகணும்." என்னைப் பார்த்தார். "கேட்டுப் பாருங்க, அந்தம்மா சட்டம் அது."

நான் அந்த நர்ஸிடம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நூலுக்கு மேலே வெள்ளை பிளாஸ்திரி ஒன்றை ஒட்டி மறைத்துவிட்டுக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அந்த ஈஸ்டர் வரை நாங்கள் மூன்று பேரும் கலங்கல் ஜெல்லிதான் ரொட்டியில் தடவித் தின்றோம். அவர் ஒவ்வொரு தடவையும் பாட்டிலை ஜன்னலில் பிடித்துப் பார்த்து, "துணியப் பிழிஞ்சிருக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் தின்றார்.